ஐயா காலத்துக் கேமராவுக்கு எந்த பேட்டரி போடுவது? ஒரு முழு வழிகாட்டி

ஐயாவின் பெட்டகத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பழைய கணக்கு நோட்டுகளுக்கு அடியில் தோல் உறையோடு ஒரு கேமரா கிடைத்தது. கேனனெட் க்யூஎல் 17, ஜி 3 மாடல். மலேயாவிலிருந்து ஐயா கொண்டுவந்தது. லென்ஸில் பூஞ்சை இல்லை. ஷட்டரைத் தட்டினால் ‘டிக்’ என்று சுத்தமாக விழுந்தது. காரைக்குடியில் ஒரு வாட்ச் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பேட்டரி அறையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பட்டன் பேட்டரியை எடுத்து, அடியில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்து வைத்து மூடியைத் திருகித் தந்தார். வ்யூஃபைண்டருக்குள் முள் எழுந்து ஆடியது. முள் ஆடினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

இரணியூர்க் கோவில், எங்கள் ஊருணி, வீட்டு வளவு என்று 36 படத்தையும் எடுத்துத் தீர்த்தேன். லேபிலிருந்து வந்த நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தது. அவ்வளவு மெல்லிசு. நிழல் இருந்த இடமெல்லாம் வெறும் ஃபிலிம். ஒரு ரோல் காசும் கழுவிய கூலியும் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. முள் ஆடுவது வேறு, சரியான எண்ணில் நிற்பது வேறு. அந்த இரண்டாவது காரியத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேமரா எந்தச் சாதி

சில கேமராவுக்கு பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியோ நெற்றியிலோ தேன்கூடு மாதிரி கண்ணாடி இருந்தால் அது செலீனியம் மீட்டர். ஒலிம்பஸ் ட்ரிப் 35, ரஷ்யாவின் ஜெனிட் இ எல்லாம் இந்த ரகம். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கும். முள் அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் எந்தக் கடை பேட்டரியும் அதைக் காப்பாற்றாது.

இன்னொரு வகை, தயாரிக்கும்போதே இன்றைய பேட்டரிக்கு என்று செய்தவை. பென்டாக்ஸ் கே 1000க்கு ஒரு எஸ்ஆர் 44, நிக்கான் எஃப்எம்முக்கு அதே மாதிரி இரண்டு, கேனன் ஏஇ 1க்கு 6 வோல்ட் பேட்டரி ஒன்று. வாங்கிப் போட வேண்டியதுதான், யோசிக்க எதுவுமில்லை. ஏஇ 1 மட்டும் பேட்டரி தீர்ந்தால் மொத்தமாகப் படுத்துவிடும், ஷட்டரும் அடிக்காது. வெளியூர் போகும்போது மாற்று பேட்டரி ஒன்று கூடவே இருக்கட்டும்.

தொல்லையெல்லாம் மூன்றாவது வகையில். 1960களிலும் 70களிலும் பாதரச பேட்டரிக்கு என்று செய்தவை. கேனனெட், மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம் 1, யாஷிகா மேட் 124 ஜி, இவை எல்லாமே பிஎக்ஸ் 625 என்ற ஒரே பேட்டரியைத் தின்றவை. நம் பக்கத்தில் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பிலிருந்து வந்த கேமராக்களில் இந்த வகை நிறைய. உங்கள் வீட்டில் இருப்பதும் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் பாதரச பேட்டரிக்குச் செய்ததுதான், ஆனால் உள்ளே பிரிட்ஜ் சர்க்யூட். தராசு மாதிரி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் வோல்ட் கொஞ்சம் கூடினாலும் முள் இடம் மாறாது. அளவு பொருந்தும் சில்வர் ஆக்சைடு பேட்டரியைப் போட்டுக்கொண்டு நீங்கள் படம் எடுக்கப் போகலாம். யாஷிகா எலக்ட்ரோ 35ம் அப்படித்தான். அதன் பழைய பேட்டரி 5.6 வோல்ட். இப்போது 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரில் நுழைத்துப் போடுகிறார்கள், பிரச்சினையில்லாமல் ஓடுகிறது.

பாதரசம் ஏன் போயிற்று

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது பாதரச பேட்டரி. சாதாரண பேட்டரிகள் வெப்ப நாடுகளின் புழுக்கத்தில் சீக்கிரம் செத்துப்போயின. நம்மவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு பர்மாவிலிருந்து நடந்தே வந்த அதே யுத்தத்தின் குழந்தை அது. அதன் பெரிய குணம் ஒன்று உண்டு: முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஏறக்குறைய 1.35 வோல்ட்டிலேயே நிற்கும். அதனால் கேமரா செய்தவர்கள் வோல்ட்டைச் சீராக்கத் தனியாக எதுவும் வைக்கவில்லை. மீட்டரின் அளவுகோலே அந்த 1.35தான்.

பாதரசம் விஷம். அமெரிக்கா 1996ல் சட்டம் போட்டு இந்த பேட்டரி விற்பனையை நிறுத்தியது. 2013ல் வந்த மினமாட்டா ஒப்பந்தம் உலகம் முழுக்கக் கதவை மூடியது. பழைய கடையில் எங்காவது டப்பாவோடு ஒன்று கிடைத்தாலும் வாங்காதீர்கள், பாதி செத்திருக்கும். கேமராவுக்குள்ளேயே பழைய பாதரச பேட்டரி இருந்தால் வெறும் கையால் நோண்டாமல் கையுறை போட்டு எடுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். குப்பையில் போடக் கூடாது, ஊருணிக் கரையில் எறியவே கூடாது.

பேட்டரி அறையைத் திறப்பது

கேமராவின் அடியில் நாணயம் நுழையும் அளவு பள்ளத்தோடு ஒரு வட்ட மூடி இருக்கும். பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் நாணயத்தால் திருகுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பள்ளத்தின் விளிம்பைச் சிதைத்துவிடும். இறுகிப் போயிருந்தால் ஒரு துண்டு சைக்கிள் டியூபை மூடியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் திறந்தது.

உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பித்தளைப் பானையில் பிடிக்கும் களிம்புக்கு அது சொந்தம்தான். அப்பத்தா பார்த்துவிட்டு, “புளி போட்டுத் தேச்சா போயிரும்ப்பா” என்றார்கள். யோசனை சரி, ஆள்தான் தவறு. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரம், அதை முறிக்க ஒரு புளிப்பு வேண்டும். புளிக்குப் பதிலாக வெள்ளை வினிகர். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தோய்த்து, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துத் தேயுங்கள். சொட்டவிட்டால் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் இன்னொரு குச்சியைத் தோய்த்துத் துடைத்து, காயவிட்டு, பென்சில் ரப்பரால் உலோகம் மின்னும் வரை தேயுங்கள். இத்தனைக்குப் பிறகும் முள் அசையாவிட்டால் பேட்டரி அறையிலிருந்து போகும் ஒயர் அரித்துப் போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

எந்த பேட்டரி

வாட்ச் கடையில் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். பேட்டரியின் முதுகில் உள்ள முதல் எழுத்தைப் படியுங்கள். எல் என்றால் ஆல்கலைன், எஸ் என்றால் சில்வர் ஆக்சைடு, பி என்றால் ஜிங்க் ஏர். எம் என்று இருந்தால் அது பழைய பாதரசம். இந்த ஒரு எழுத்து தெரியாமல்தான் என் முதல் ரோல் போனது.

ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இந்த வாரம் முள் ஒரு பொய் சொல்லும், அடுத்த மாதம் வேறு பொய். 625 என்றே எண் போட்டு, அறையில் அச்சாகப் பொருந்தும் ஆல்கலைன் பேட்டரி கிடைக்கிறது. பொருந்துகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இதை இந்த வகைக் கேமராவில் போடவே கூடாது.

சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட். கூடுதல்தான், ஆனால் தீரும் வரை அப்படியே நிற்கும், பிறகு ஒரே நாளில் செத்துவிடும். பொய் சொன்னாலும் தினமும் ஒரே பொய், அதனால் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 0.2 வோல்ட்டைக் குறைக்கும் சின்ன டயோடு வைத்த அடாப்டர் விற்கிறது. அதில் சில்வர் ஆக்சைடைப் போட்டால் கேமராவுக்குப் போவது 1.35. கேமராவுக்குள்ளேயே அந்த டயோடைச் சூட்டுக்கோலால் பற்றவைத்துத் தரும் மெக்கானிக்குகளும் உண்டு. மாதம் நாலு ரோல் எடுப்பவருக்கு அந்தச் செலவு தகும்.

என் ஓட்டு ஜிங்க் ஏருக்கு. அதாவது காது மெஷின் பேட்டரி. அப்பத்தாவின் மெஷினுக்கு மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்குவோமே, அதேதான். 675 என்ற அளவு, நீல ஸ்டிக்கர். வோல்ட் 1.4. பழைய 1.35க்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மலிவாக வேறு எதுவும் இல்லை. ஆரஞ்சு, பழுப்பு, மஞ்சள் ஸ்டிக்கர்கள் சின்ன அளவு, அவை வேண்டாம்.

காரைக்குடியில் இதைப் பற்றிப் பேசுவது ஒரு வகையில் பொருத்தமும்கூட. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, இதே ஊரில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் வெள்ளித்தாளை நம்பினேன்.

675ஐப் பொருத்தும் விதம்

பிஎக்ஸ் 625ன் விட்டம் ஏறக்குறைய 16 மி.மீ., உயரம் 6. நம் 675ன் விட்டம் 11.6, உயரம் 5.4. அப்படியே போட்டால் அறைக்குள் உருளும். செக்காலைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்களை ஒரு கை அள்ளி, பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டே பொருத்திப் பார்த்து எடுத்தேன். பேட்டரி இறுக்கமாக உட்கார வேண்டும், வெளிவட்டம் அறைக்குள் இறங்க வேண்டும், உயரம் பேட்டரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும்தான் கணக்கு. உயரம் கொஞ்சம் போதாமல் ஆடினால் மைனஸ் பக்கத்தில் அலுமினியத் தாளைச் சின்ன சதுரமாக மடித்து வையுங்கள். தாள் வெளியே நீட்டிக்கொண்டு விளிம்பைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில கேமராவில் பிளஸ் தொடும் இடம் பேட்டரியின் பக்கவாட்டு. அங்கே ரப்பர் வைத்தால் மின்சாரம் நின்றுவிடும், பித்தளை வளையம் வேண்டும். பேட்டரி புதிது, முள் செத்தது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்தப் பக்கம் பிளஸ் என்பதற்கு அறையிலோ மூடியிலோ குறி இருக்கும்.

ஜிங்க் ஏர் பேட்டரி காற்றைக் குடித்து வேலை செய்வது. பிளஸ் பக்கத்தில் குண்டூசி முனை அளவு துளைகள் இருக்கும், ஸ்டிக்கர் அவற்றைத்தான் மூடியிருக்கிறது. ஸ்டிக்கரை உரித்து, மேஜையில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். உடனே போட்டால் வோல்ட் முழுசாக ஏறியிருக்காது. துளைகளைத் தாளாலோ டேப்பாலோ அடைக்காதீர்கள். உரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோடையின் வறட்டுக் காற்றில் அதற்கு முன்பே காய்ந்துவிடலாம். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க நினைப்பது வீண்.

சோதனை, இதைத் தவிர்க்கவே வேண்டாம்

கேனனெட்டில் பேட்டரியைப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சின்ன விளக்கு எரியும். என் முதல் ரோல் நாளிலும் அது ஜம்மென்று எரிந்தது. பேட்டரியில் தெம்பு இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், தெம்பு கூடிப்போய்விட்டது என்று சொல்லாது.

அதனால் ஃபிலிம் போடாமல் வீட்டையே சுற்றி வாருங்கள். கைபேசியில் லைட் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, இரண்டிலும் ஏஎஸ்ஏ, அதாவது ஃபிலிமின் வேக எண், 100 வைத்து, ஒரே இடத்திலிருந்து ஒரே பரப்பைக் காட்ட வேண்டும். வானம், ஜன்னல் எதுவும் உள்ளே வரக் கூடாது. நான் தேர்ந்தெடுத்தது நாலு இடம். வெயில் அடிக்கும் முற்றத்துத் தரை, வளவில் தூண் நிழல், முகப்புத் திண்ணை, இரண்டாங்கட்டில் அரையிருட்டு மூலை. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதினேன். 675 போட்டபோது நாலு இடத்திலும் கைபேசியோடு அரை ஸ்டாப்புக்குள் ஒத்துப்போனது (வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). சும்மா பார்ப்போமே என்று பழைய ஆல்கலைனைத் திரும்பப் போட்டால் முற்றத்தில் ஒன்றரை ஸ்டாப் விலகியது, மூலையில் அவ்வளவு இல்லை.

விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் வைத்தியம் சுலபம். முள் ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் காட்டுகிறதென்றால் 400 ஃபிலிமுக்கு ஏஎஸ்ஏ வளையத்தை 200ல் வையுங்கள், தீர்ந்தது. இடத்துக்கு இடம் விலகல் மாறினால் வளையம் உதவாது. வோல்ட்டைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அந்த மீட்டருக்கே வயசாகிவிட்டது.

கைபேசியும் இல்லாவிட்டால் நம் வெயில் இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில், ஃபிலிமின் எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 16. 100 ஃபிலிமுக்கு 1/125, 400க்கு 1/500. கேமரா இதற்கு ரொம்பத் தள்ளிச் சொன்னால் கேமராவை நம்பாதீர்கள். கேனனெட்டில் இன்னொரு அடையாளமும் உண்டு. அதன் உச்சி 1/500, 16. அதைத் தாண்டி வெளிச்சம் இருக்கிறதென்று முள் நினைத்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். முதல் ரோல் அன்று ஊருணிக் கரையில் பொத்தான் அழுந்தவே மாட்டேன் என்றது. கேமரா பழுது என்று திட்டினேன். பாவம், அது பேட்டரியின் பேச்சைக் கேட்டது. 675 போட்ட பிறகும் நம் ஊர் மதிய வெயிலுக்கு 400 ஃபிலிம் விளிம்பில்தான் நிற்கும். வெளியே எடுக்க 100 அல்லது 200 வாங்குங்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் மீட்டர் பார்ப்பது

பேட்டரி சரியானாலும் மீட்டருக்கு ஒரு மூட நம்பிக்கை உண்டு. உலகத்தில் எல்லாமே நடுத்தர சாம்பல் நிறம் என்று அது நினைக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய நம் வெள்ளைச் சுவரைக் காட்டினால், “அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்” என்று அப்பர்ச்சரைச் சுருக்கி, சுவரைச் சாம்பலாக்கிவிடும். முற்றத்துக்கு மேலே வானம் ஒரு துண்டு ஃபிரேமுக்குள் வந்தாலும் இதே கதை. இப்போது என் முதல் ரோலை நினைத்துப் பாருங்கள். கூடுதல் வோல்ட், வெள்ளைச் சுவர், முற்றத்து வானம், மூன்றும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. வேறு ஊரில் அந்த பேட்டரியோடு ஓரளவு தப்பித்திருப்பேன். நம் வீடுகளில் தப்பிக்க வழியே இல்லை.

சுவர் ஃபிரேமை நிறைத்தால் மீட்டர் சொல்வதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் திறந்துவிடுங்கள். பர்மா தேக்குத் தூணோ கறுத்த நிலைக்கதவோ நிறைத்தால் மாறாக ஒரு ஸ்டாப் குறையுங்கள். இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்றால் உள்ளங்கை இருக்கிறது. ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி, அது மட்டும் தெரியும்படி மீட்டர் பார்த்து, ஒரு ஸ்டாப் திறந்தால் போதும். கேனனெட்டில் அப்பர்ச்சரைத் தானியங்கி ‘ஏ’யில் வைத்து எண்ணைப் படித்துவிட்டு, வளையத்தைக் கையால் அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும். ‘ஏ’யை விட்டு நகர்த்தினால் மீட்டர் அணைந்துவிடும்.

பாதரச பேட்டரிக் காலத்துக் கேமராக்களில் உள்ள மீட்டர் காட்மியம் சல்ஃபைடு செல். அதற்கு நம் கண் மாதிரியே ஒரு குணம்: வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் கொஞ்ச நேரம் தடுமாறும். முற்றத்து வெயிலிலிருந்து நேராக இருட்டறைக்குப் போய் உடனே மீட்டர் பார்க்காதீர்கள். ஒரு நிமிடம் போகட்டும், அதுவரை ஆத்தங்குடிக் கல்லில் பூ எண்ணுங்கள்.

நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் எப்போதும் கூடுதல் வெளிச்சப் பக்கமே சாயுங்கள். ஒரு ஸ்டாப் கூடினால் அது தாங்கும். குறைந்தால் நிழலில் இருந்தது போனது போனதுதான். ஸ்லைடு ஃபிலிமுக்கு இது நேர் எதிர், அதற்கு மீட்டர் துல்லியமாக இல்லாமல் இறங்காதீர்கள்.

வைத்துக்கொள்ளும் முறை

எடுக்காத நேரம் லென்ஸ் மூடி போட்டு வையுங்கள். கேனனெட்டின் மீட்டர் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் மூடியே அதையும் மறைத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவை விடாதீர்கள், ஃபிலிமும் பேட்டரியும் சேர்ந்து கெடும். பட்டன் பேட்டரி எதுவானாலும் குழந்தைகள் வாயில் போடாத உயரத்தில் இருக்கட்டும். பயணத்தில் பேட்டரி தீர்ந்தாலும் கேனனெட், ஓஎம் 1, எஸ்ஆர்டி எல்லாம் மீட்டர் இல்லாமல் படம் எடுக்கும். மேலே சொன்ன வெயில் கணக்கை வைத்து ஓட்டலாம்.

ஸ்டிக்கர் உரித்த தேதியை ஒரு துண்டு பேப்பர் டேப்பில் எழுதி கேமராவின் அடியில் ஒட்டுகிறேன். இப்போது ஒட்டியிருப்பது அப்பத்தாவின் அட்டையிலிருந்து சுட்டது. போன வாரம், “ஏப்பா, ஆறு இருந்துச்சு, அஞ்சுதான இருக்கு?” என்று கேட்டுவிட்டார்கள். மெஷின் காதில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.